இரவற் குரல்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்த பின் மாணவி ஒருத்தி என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். முதல்நாள் இரவு அவளுடைய வீட்டார் 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' படத்தை மீண்டும் ஒரு முறை பார்த்திருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படம் நமது குடும்பங்கள் பலவற்றில் பாட்டி, தாய், பிள்ளை என மூன்று தலைமுறையினர் பார்த்து வருவது. மனங்கலங்கி மடத்துக்குத் திரும்பி வந்த மரியாவை மடத்தின் தலைவி அழைத்து, பாட்டாலேயே அவளுக்குத் துணிவூட்டும் கட்டம் இந்தப் பிள்ளைக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தப் பாட்டைத் தலைவியாக நடித்தவர் பாடவில்லை, வேறொரு பெண்ணே பாடினார் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப அது பொய்தானே, சேர்? கன்னியாஸ்திரியாய் நடிச்சுக்கொண்டு பொய் சொல்லலாமோ?" என்று கேட்டாள்.

அவள் கேள்விப்பட்டது உண்மைதான். தலைவியாக நடித்தவர் பெகி வூட் என்ற மூத்த நடிகை. அந்தப் பாட்டில் ஒலிப்பது மார்ஜரி மக்கே என்பவரின் குரல். கப்டனாக நடித்த கிறிஸ்தோபர் பிளம்மருக்கும் பில் லீ என்பவர் குரல் கொடுத்தார். மரியாவாக வந்த ஜூலி அன்ட்றூஸோ தமது பாடல்களைத் தாமே பாடினார். அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று பிள்ளையை அனுப்பிவிட்டேன். சிந்திக்கச் சிந்திக்க, இது அவள் நினைத்ததைவிட ஆழமான கேள்வி என்றும், என்னையும் தொடும் கேள்வி என்றும் கண்டேன். அதனாலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுவோம். பாடல் நிறைந்த திரைப்படங்களில் பாட்டு முன்னதாகவே ஒலிப்பதிவு செய்யப்படும். படப்பிடிப்பின் போது அது ஒலிக்க, நடிகர் அதற்கேற்ப வாயசைப்பார். சில வேளைகளில் இது தலைகீழாகவும் நடக்கும். எடுத்து முடித்த படத்தைத் திரையில் ஓடவிட்டு, நடிகையின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்துப் பாடகி பாடுவார். எப்படியாயினும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே ஆள். உண்மையில் முகம் ஒருவருடையது, குரல் மற்றவருடையது.

இப்படி இரவற் குரல் கொடுத்தவர்களுள் ஹொலிவூட்டில் மிகவும் பேசப்பட்டவர் மார்னி நிக்சன். 1930இல் பிறந்து 2016இல் மறைந்தவர். 1948இல் வெளிவந்த 'ஜோன் ஒஃப் ஆர்க்' படத்தில், இன்கிறிட் பேர்க்மன் நடித்த புனித ஜோனின் காதில் ஒலிக்கும் வானதூதர் குரல்கள் இவருடையவை. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பின்னர் 1956இல் 'த கிங் அன்ட் ஐ' படத்தில் டெபோரா கேருக்காகவும், 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்ரோறி' படத்தில் நற்றலி வூட்டுக்காகவும், 1964இல் 'மை ஃபெயார் லேடி' படத்தில் ஒட்றி ஹெப்பேர்னுக்காகவும் பாடினார். மூன்றும் உலகெங்கும் ஓடிய படங்கள். மூன்றிலும் திரையில் காட்டப்பட்ட பெயர்ப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை.

எட்டாம் கட்டளையின் முன்

பிள்ளையின் கேள்வி எட்டாம் கட்டளையைப் பற்றியது. பொய் எது, பொய் அல்லாதது எது? இதைத் திருச்சபையின் மேதைகள் நெடுங்காலத்துக்கு முன்னரே ஆராய்ந்திருக்கிறார்கள்.

புனித அகுஸ்தீனார் மனந்திரும்பிய காலத்தில் எழுதிய 'தன்னுரைகள்' என்ற நூலில், ஏமாற்ற விரும்புகிறவனையும் மகிழ்விக்கப் புனைகிறவனையும் வேறு பிரித்துக் காட்டுகிறார். கூத்து, நகைச்சுவை நாடகம், கவிதை ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. உரோமையில் புகழ்பெற்ற ரோஸ்கியுஸ் என்ற நடிகனை அவர் உதாரணமாக எடுக்கிறார். அந்த நடிகன் எக்குபா என்ற அரசியாக வேடந்தரித்து நிற்கும் போது அவன் பொய்யான எக்குபா. ஆனால் பொய்யான எக்குபாவாக இருப்பதனாலேயே அவன் மெய்யான நடிகன் ஆகிறான். இது அகுஸ்தீனாரின் கருத்து. பிற்காலத்தில் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய போதும், பொய்யின் குற்றம் ஏமாற்றும் நோக்கத்திலேயே உள்ளது என்பதை அவர் வலியுறுத்தினார்.

இந்த அளவுகோலால் அளந்தால் பெகி வூட் பொய் சொல்லவில்லை. அவர் கன்னியாஸ்திரியும் அல்லர், மடத்தின் தலைவியும் அல்லர். அதை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. உடை இரவல், மடம் அட்டையாலும் பலகையாலும் கட்டியது, பேசும் சொற்கள் வேறொருவர் எழுதிக் கொடுத்தவை. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட நாம் குரல் மட்டும் இரவலாக வரும்போது துணுக்குறுவது ஏன்? குரல் மனிதனின் உள்ளத்துக்கு மிக அண்மையில் இருப்பதால் இருக்கலாம். ஆயினும் அது நாடகத்தின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டதே. பார்ப்பவனும் நடிப்பவனும் அந்த ஒப்பந்தத்தை அறிவார்கள்.

ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் பார்வை மங்கிய ஈசாக்கின் முன் யாக்கோபு நிற்கிறான். கைகளில் ஆட்டுக்குட்டியின் தோல், உடலில் தமையனின் உடை. குரல் ஒருவனுடையது, கைகள் மற்றவனுடையவை போலிருக்கின்றன என்று கிழவர் தடுமாறுகிறார். அங்கே நடந்தது நாடகம் அல்ல. தமையனுக்குரிய ஆசீரைப் பெறுவதற்காகச் செய்த ஏமாற்று. நமது காலத்திலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. 'மில்லி வனில்லி' என்ற பெயரில் இரண்டு இளைஞர்கள் தாமே பாடகர்கள் என்று உலகின் முன் நின்று, சிறந்த புதிய கலைஞருக்கான கிறாமி விருதைப் பெற்றார்கள். இசைத்தட்டில் இருந்தது அவர்களுடைய குரலே அல்ல என்று தெரியவந்ததும் 1990ஆம் ஆண்டு நவம்பரில் அந்த விருது திரும்பப் பெறப்பட்டது. பாடகர் என்ற பெயரில் விருது வாங்குகிறவன் நடிகன் என்ற மறைவில் ஒதுங்க முடியாது.

ஆகவே பிள்ளையின் கேள்விக்கு முதற் பதில், அது பொய் அல்ல என்பதே. இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழாம் கட்டளையின் முன்

இந்தக் கேள்வியை நாம் தவறான கட்டளையின் முன் கொண்டுபோய் வைக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. திரையில் நடப்பதைப் பார்த்தால் எட்டாம் கட்டளை. திரைக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்தால் களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளை.

'த கிங் அன்ட் ஐ' படத்தில் தாம் பாடியதை வெளியே சொன்னால் இனி அந்த ஊரில் வேலை கிடைக்காது என்று எச்சரிக்கப்பட்டதாக மார்னி நிக்சன் பிற்காலத்தில் கூறினார். அந்தப் படத்துக்காக டெபோரா கேரின் பெயர் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. அவர் சிறந்த நடிகை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டில் பாதிப் பங்குள்ளவரை வாய்பூட்டி வைத்ததற்கு நடிப்புக் கலை எந்த நியாயமும் தராது.

'வெஸ்ட் சைட் ஸ்ரோறி'யில் நடந்தது இன்னும் நுட்பமானது. நற்றலி வூட் பாடல்களைத் தாமே பாடி ஒலிப்பதிவு செய்தார். அவருடைய குரலே படத்தில் இருக்கும், உயர்ந்த சுரங்களுக்கு மட்டும் மற்றவரின் உதவி பெறப்படும் என்று அவர் நம்பியிருந்தார். படப்பிடிப்பு முடிந்த பின் அவருடைய குரல் நீக்கப்பட்டு நிக்சனின் குரல் சேர்க்கப்பட்டது. 'மை ஃபெயார் லேடி'யில் ஒட்றி ஹெப்பேர்னுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. பயிற்சி பெற்று, பாடி, பதிவும் செய்தார். முடிவில் அவருடைய குரலில் எஞ்சியவை சில துண்டுகளே. அகுஸ்தீனார் சொன்ன ஏமாற்றும் நோக்கத்தைத் தேடினால் அது இங்கே இருக்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் பார்வையாளர்கள் அல்லர், உழைத்த நடிகைகளே.

அதே படத்தில் பேராசிரியர் ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹரிசனும் பாடகர் அல்லர். பாட்டைப் பேச்சுப் போலவே சொல்லிக்கொண்டு போவார். முன்பதிவுக்கு வாயசைக்க அவர் மறுத்தார். அவருக்காகக் கழுத்துப் பட்டியில் கம்பியில்லா ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டு, நடிக்கும் போதே குரல் பதிவாயிற்று. அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் கிடைத்தது. ஹெப்பேர்னின் பெயர் முன்மொழியப்படவும் இல்லை. பாடத் தெரியாத ஆண் தன் குரலோடு நிற்க அனுமதிக்கப்பட்டான். ஓரளவு பாடத் தெரிந்த பெண்ணுக்கு அந்த அனுமதி இல்லை.

இந்தப் படத்தின் கதையே இதைக் கண்டிக்கும் கதை என்பதை எண்ணிப் பாருங்கள். பூ விற்கும் ஏழைப் பெண் எலைசாவை எடுத்து, அவளுடைய பேச்சை மாற்றி, உயர்குலப் பெண்ணைப் போல விருந்துக்கு அழைத்துச் செல்கிறார் பேராசிரியர். அவள் மாதக்கணக்கில் உழைத்து வெற்றி பெறுகிறாள். வீடு திரும்பியதும் ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டுகிறார்கள். வேலைக்காரரும் சேர்ந்து பேராசிரியரைப் புகழ்கிறார்கள். எலைசா ஒரு புறமாக நிற்கிறாள். அவளும் அங்கே இருக்கிறாள் என்ற நினைவே எவருக்கும் இல்லை. பார்க்கும் நமக்கு மனம் கொதிக்கிறது. ஆனால் அந்த எலைசாவின் பாட்டைப் பாடியவரையும் படத்தை எடுத்தவர்கள் அப்படியே ஒரு புறமாக நிறுத்தினார்கள்.

1952இல் வெளிவந்த 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தின் கதியும் இதுவே. பிறருக்காக மறைவில் நின்று பாடும் இளம்பெண் ஒருத்தியை, முடிவில் திரையை இழுத்து உலகுக்குக் காட்டும் கதை அது. அந்த இளம்பெண்ணாக நடித்தவர் டெபி ரெனோல்ட்ஸ். கதையின்படி அவள் மற்றவளுக்காகப் பாடும் பாட்டை உண்மையில் பாடியவர் பெற்றி நோய்ஸ் என்ற வேறொரு பாடகி. அவருடைய பெயர் படத்தில் இல்லை. அநீதியைக் கண்டிக்கும் வாயாலேயே அதைச் செய்வது மனிதருக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது!

கூலியாளின் கூலி பொழுது விடியும் வரை உன்னிடம் தங்கியிருக்கக் கூடாது என்று பழைய ஏற்பாட்டுச் சட்டம் சொல்கிறது. பிடித்து வைத்த கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் எழுதுகிறார். கூலி என்பது காசு மட்டும்தானா? நற்பெயர் செல்வத்திலும் மேலானது என்று பழமொழி ஆகமம் கூறும். அப்படியானால் ஒருவருடைய உழைப்புக்குரிய பெயரை எடுத்துக்கொள்வதும் கூலியைப் பிடித்து வைப்பதே. புனித தோமஸ் அக்குவினாஸ், நடிகர் தொழில் மனிதருக்கு ஆறுதல் தருவதால் இயல்பில் குற்றமானது அன்று என்று கூறிவிட்டு, அவர்களுடைய பணிக்குக் கூலி கொடுப்போர் நீதியாகவே செய்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கூத்துக்காரரைப் பற்றிப் பேசும்போது அந்த மேதைக்கு நீதி என்ற சொல் நினைவுக்கு வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொடைகள் பல

அப்படியானால் ஒவ்வொரு நடிகரும் தாமே பாட வேண்டும் என்று விதி செய்வோமா? சிலர் அப்படி வாதிடுகிறார்கள். 2012இல் வந்த 'லே மிசெராப்ள்' படத்தில் நடிகர்கள் அனைவரும் படப்பிடிப்புத் தளத்திலேயே, காதுக்குள் ஒலிக்கும் பியானோவைக் கேட்டுக்கொண்டு பாடினார்கள். ஆன் ஹதவே அழுகையினூடே பாடிய பாட்டில் குரல் உடைந்தது. அந்த உடைவே பலருடைய உள்ளத்தைத் தொட்டது. அவருக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. துன்பப்படுகிறவளின் குரல் துன்பத்தோடு வருவதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அதே படத்தில் வேறு சிலரின் குரல் பாட்டின் பாரத்தைத் தாங்கவில்லை என்ற குறையும் எழுந்தது. சொந்தக் குரலில் பாடுவது அழகான தேர்வு. அதையே ஒழுக்க விதியாக்க முடியாது.

ஒருவருக்கு முகத்தின் கொடை, மற்றவருக்குக் குரலின் கொடை. உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியது இங்கேயும் பொருந்தும். கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கையின் வேலையைத் தன் வேலை என்று கண் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

தமிழ்த் திரைப்படம் இதற்கு ஒரு சான்று. ஆரம்ப காலத்தில் தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தாமே பாடி நடித்தார்கள். பின்னர் பின்னணிப் பாடகர் வந்தார்கள். சிவாஜி கணேசனுக்கும் எம்.ஜி.ஆருக்கும் ரி. எம். சௌந்தரராஜன் பாடினார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். இலங்கை வானொலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் படத்தின் பெயரோடு பாடியவரின் பெயரும் சொல்லப்பட்டதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 1968இல் வெளிவந்த 'உயர்ந்த மனிதன்' படப் பாடலுக்காக பி. சுசீலாவுக்கு இந்திய அரசின் தேசிய விருது கிடைத்தது. பின்னணிப் பாடகி என்ற வகையில் அதைப் பெற்ற முதற் பெண் அவரே. நடிகையின் புகழ் இதனால் குறையவில்லை. எவரும் ஏமாந்ததாகவும் உணரவில்லை.

இந்த நிலையும் எளிதில் வந்துவிடவில்லை. 1949இல் 'மஹால்' என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கதாபாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதே அச்சிடப்பட்டது. இந்தக் குரல் யாருடையது என்று வானொலி நேயர்கள் விடாது கேட்ட பின்னரே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. நீதி சில வேளைகளில் கேட்பவனின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

நமது நாட்டுக்கூத்தையும் எண்ணிப் பாருங்கள். கூத்தன் தன் பாட்டைத் தானே பாடுவான். அவன் களைக்கும் இடத்தில் பிற்பாட்டுக்காரர் அடியை ஏந்திக்கொள்வார்கள். அண்ணாவியார் எல்லோருக்கும் தெரியவே நிற்பார். அரசனாக நிற்பவனுக்கு உதவிக் குரல் வருவது களரியைச் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் அரசனின் மதிப்புக் குறைந்ததில்லை. உதவி பெறுவதில் வெட்கமில்லை. உதவியை மறைப்பதில்தான் வெட்கம் இருக்கிறது.

தாழ்ச்சியின் பெயரால்

இனி என்னைத் தொடும் பகுதிக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் புனிதை ஒருவரின் வாழ்க்கையை இசை நாடகமாக மேடையேற்றினேன். தலைமைப் பாத்திரத்துக்கு ஏற்ற தோற்றமும் நடிப்பும் ஒரு பிள்ளைக்கு இருந்தன. பாட்டு வரவில்லை. குரலுள்ள இன்னொரு பிள்ளையைத் திரைக்குப் பின்னால் ஒலிவாங்கியோடு நிறுத்தினேன். நாடகம் வெற்றி பெற்றது. சபை எழுந்து நின்று கைதட்டியது. நடித்த பிள்ளைக்குப் பிரதம விருந்தினர் மாலை அணிவித்தார். பாடிய பிள்ளையை மேடைக்கு அழைக்கவில்லை. நிகழ்ச்சி நிரலிலும் அவளுடைய பெயர் இல்லை. நெறியாள்கை என்று என் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

எல்லோரும் போன பின் அந்தப் பிள்ளையின் தாயார் மண்டபத்தின் வாசலில் நின்றார். "மாஸ்ரர், பிள்ளைதான் பாடினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாமற் போச்சே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சிரித்துக்கொண்டு, "தாழ்ச்சி பெரிய புண்ணியம் அம்மா. ஆண்டவருக்குத் தெரியும்தானே" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதிலை நான் வெகுகாலம் நல்ல பதில் என்றே எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. நான் சொன்னதில் தவறு இல்லை. சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. தாழ்ச்சி என்பது ஒருவர் தம்மைத் தாமே தாழ்த்துவது. ஸ்நாபக அருளப்பர் தம்மை வனத்தில் ஒலிக்கும் வெறும் குரல் என்றே சொல்லிக்கொண்டார். தாம் குறைய வேண்டும், வருகிறவர் வளர வேண்டும் என்றும் விரும்பினார். அவரை எவரும் திரைக்குப் பின்னால் தள்ளவில்லை. அவர் மனம் உவந்து விலகினார். அவருடைய பெயரோ நற்செய்தி நூல்கள் நான்கிலும் இருக்கிறது. மனிதராய்ப் பிறந்தவர்களுள் அவரிலும் பெரியவர் இல்லை என்று ஆண்டவரே வெளிப்படையாகச் சாட்சி சொன்னார். அருளப்பர் தம்மை மறைத்தார், ஆண்டவர் அவரைக் காட்டினார். என் நாடகத்தில் நான் செய்ததோ, பிள்ளையை மறைத்து என்னைக் காட்டியது.

தானாக மறைந்திருப்பது புண்ணியம். பிறரை மறைத்து வைப்பது அநீதி. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். அதனால்தான் அதிகாரம் உள்ளவர்களுக்குத் தாழ்ச்சியைப் பற்றி உபதேசிப்பது இலகுவாக இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கீழே இருப்பவர்களே.

ஈடு செய்தல்

ஏழாம் கட்டளைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. களவெடுத்தவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். மார்னி நிக்சனின் வாழ்க்கையில் இதைச் செய்தவர்கள் சிலர் இருந்தார்கள்.

டெபோரா கேர் அவர்களுள் முதன்மையானவர். இரு பெண்களும் பக்கத்தில் பக்கமாக நின்று ஒவ்வொரு பாட்டையும் பழகியிருந்தார்கள். பாடியவரை வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்த நிலையில், உதவி பெற்றவரான கேர் தாமே செய்தியாளரிடம் நிக்சனின் பெயரைச் சொன்னார். அதனால் அவருக்குப் புகழ் குறையலாம் என்பதை அவர் அறியாதவர் அல்லர். 'வெஸ்ட் சைட் ஸ்ரோறி'யின் இசைத்தட்டு ஏராளமாக விற்றபோது அந்த வருவாயில் நிக்சனுக்குப் பங்கு இருக்கவில்லை. இசையமைத்த லெனார்ட் பேர்ன்ஸ்டைன் தமது பங்கிலிருந்து ஒரு வீதத்தின் கால்வாசியை அவருக்கு ஒதுக்கினார். அது சிறு தொகைதான். ஆனால் சட்டம் கேட்காததை மனச்சாட்சி கேட்டுக் கொடுத்தது.

1964இல் நியூயோர்க்கில் 'மை ஃபெயார் லேடி' மேடை நாடகமாக மீண்டும் நடந்தபோது நிக்சன் எலைசாவாகத் தம் முகத்தோடும் தம் குரலோடும் மேடையேறினார். 'வெஸ்ட் சைட் ஸ்ரோறி'யை இயக்கிய இருவருள் ஒருவரான றொபேட் வைஸ், பின்னர் எடுத்த ஒரு படத்தில் அவருக்கு ஒரு சிறு வேடம் கொடுத்தார். அந்தப் படம் 'சவுண்ட் ஒஃப் மியூசிக்'. மரியாவைப் பற்றிக் கன்னியாஸ்திரிகள் கூடிப் பாடும் கட்டத்தில் சகோதரி சோபியாவாக வருகிறவர் அவரே. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். ஆனால் அவர் முகம் வெளிச்சத்துக்கு வந்த அதே மடத்தில், தலைவியின் பாட்டைப் பாடிய மார்ஜரி மக்கே மறைவிலேயே இருந்தார். ஒருவருக்குச் செய்த ஈடு மற்றவரின் கடனைத் தீர்த்துவிடாது.

இன்றைய கேள்வி

இது பழைய படங்களின் கதை மட்டும் அல்ல. இன்று ஒருவருடைய குரலைச் சில நிமிடம் கேட்ட கணினி, அவர் ஒருபோதும் பாடாத பாட்டை அதே குரலில் பாடிவிடுகிறது. இறந்தவர்களின் குரலும் பாட வைக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் ஹொலிவூட் நடிகர்கள் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தம் முகத்தையும் குரலையும் இயந்திரம் தம் சம்மதமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்களுடைய முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. திருத்தந்தை 14ஆம் லியோ 2026ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு தினத்துக்குத் தெரிந்துகொண்ட கருப்பொருளும் மனிதரின் குரல்களையும் முகங்களையும் காப்பது பற்றியதே. திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் தொழிலைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழில் மனிதனுக்காகவே அன்றி மனிதன் தொழிலுக்காக அல்ல என்று போதித்தார். குரலும் மனிதனுக்குரியது. அதை அவனிடமிருந்து கழற்றி எடுத்துச் சரக்காக்க முடியும் என்ற எண்ணம் பழைய படமனைகளில் இருந்ததுதான். இன்று கருவி மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே குரலை இரவல் பெறும் எவரும் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்க வேண்டும். உரியவரின் சம்மதம் உண்டா? உரிய கூலி கொடுத்தாயிற்றா? உரிய பெயர் சொல்லப்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பாட்டை நிம்மதியாகக் கேட்கலாம். நமது பங்குகளிலும் இதற்கு வேலை உண்டு. திருநாள் மலரில் யார் பெயர் வருகிறது, மலரை இரவிரவாக ஒப்பு நோக்கியவர் யார்? நன்றியுரையில் யாருக்கு மாலை, பாடகர் குழுவுக்கு ஆண்டுக்கணக்கில் பாட்டுப் பழக்கியவர் யார்? அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்காததால் கடன் இல்லாமற் போவதில்லை.

மறு வாரம் அந்த மாணவிக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னேன். தலைவியாக நடித்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாடியவரின் பெயரைச் சொல்லாமல் விட்டவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "அவவின்ர பேர் என்ன, சேர்?" என்று கேட்டாள். மார்ஜரி மக்கே என்றேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அன்று என் நாடகத்தில் பாடிய பிள்ளை இப்போது பிள்ளைகள் பெற்ற தாயாகி, கடல் கடந்த நாடொன்றில் வாழ்கிறார். அவருடைய பெயரை இங்கே எழுதினால் என் மனம் ஆறும். ஆனால் அவரைக் கேட்காமல் எழுதுவதும் அவருடைய குரலை இன்னொரு முறை இரவல் வாங்குவதாகவே முடியும். விலாசம் தேடி எடுத்து அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். தாயார் இப்போது இல்லை.